கதவு தட்டும் சத்தம்

திண்டிவனம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ராத்திரி பஸ்ஸில் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது, ‘பத்து நிமிஷம் நிக்கும், டீ காபி சாப்புடறவங்க சாப்புடலாம்’ என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டுவாரே, அது ஞாபகம் வரலாம். சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் இளைஞர்களுக்கு ‘இங்கே இடது பக்கம் திரும்பணும்’ என்ற ஒரே ஒரு தகவல் மட்டும் ஞாபகம் இருக்கும். (எதற்குப் போகிறார்கள் என்று கேட்கக் கூடாது. ஆரோவில் பார்க்கத்தான்.)

பேரிலேயே ‘திண்டி’ இருப்பதால் சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. திந்திரிணி வனம்தான் நம் வாயில் புகுந்து புறப்பட்டு திண்டிவனம் ஆகிவிட்டது என்கிறார்கள். சுருக்கமாக, புளியங்காடு.

அந்தப் புளியங்காட்டில் நூற்று முப்பது சொச்சம் வருஷங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி, மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூன்று பேரும் வெறும் கையோடு திரும்பிப் போனார்கள். ஆனால் அந்தத் தட்டல் சத்தத்தின் பலனை இன்றைக்கும் விழுப்புரம் ஜங்ஷனில் மஞ்சப்பையும் எக்ஸ்ரே கவருமாகக் காட்பாடி வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதை தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன்.

*

ஜான் ஸ்கடர் என்று ஓர் அமெரிக்க டாக்டர். நியூயார்க்கில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிராக்டீஸை மூட்டை கட்டி வைத்துவிட்டு 1819-ல் கப்பல் ஏறினார். வந்து சேர்ந்த இடம் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு. பிறகு சென்னை. அவருக்கு ஏழு மகன்கள் மிஷனரி ஆனார்கள். நம் ஊரில் மளிகைக் கடையும் அரசியலும் தலைமுறை தலைமுறையாக நடக்கிற மாதிரி, அவர்கள் வீட்டில் ஊழியம். 1853-ல் ஆற்காடு மிஷனை ஆரம்பித்ததே இந்தப் பிள்ளைகள்தான்.

கடைக்குட்டி மகனுக்கும் ஜான் என்றே பேர். அவரும் டாக்டர். அவருடைய பிள்ளைகளில் ஒரே பெண் ஐடா. 1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆக, பிறப்பால் நம்ம ஆற்காட்டுக்காரர்.

குழந்தைப் பருவத்தில் தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தார் ஐடா. 1876 முதல் 1878 வரை. எலும்பும் தோலுமாக வாசலில் உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டும் வேலையை அம்மா கொடுத்திருந்தாராம். சில குழந்தைகளுக்கு அதைத் தூக்கி வாயில் போட்டுக்கொள்ளக்கூட கையில் வலு இல்லை. அப்புறம் அமெரிக்கா போய்ப் படித்தார். படிக்கப் படிக்க ஒரு முடிவுக்கு வந்தார்: வெயில், புழுதி, பஞ்சம், வியாதி... இந்தியா பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை.

இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ‘அப்பா பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்ப்பா’ என்பது இருபது வயதில் எல்லாரும் எடுக்கும் முடிவுதான். ஆசிரியர் மகன் டீச்சர் டிரெய்னிங் என்றால் ஓடுகிறான். கடைக்காரர் மகன் கல்லாவில் உட்கார மாட்டேன் என்கிறான்.

1890-ல் தந்தி போனது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அப்பாவுக்கு அப்போது திண்டிவனத்தில் வேலை. அம்மா எழுந்து நடமாடுகிற வரைக்கும் ஒத்தாசைக்கு இருந்துவிட்டுத் திரும்பிவிடுவது என்ற கணக்கில்தான் ஐடா வந்தார். ஆபீஸ் பாஷையில் சொன்னால் லீவ் வேகன்ஸி. நிரந்தரம் இல்லை.

*

அந்த ராத்திரி நடந்ததை ஐடாவே பிற்காலத்தில் மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் வந்தவர் ஒரு பிராமண இளைஞர். வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி. சின்னஞ்சிறு பெண். மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ‘நீங்கள் வரவேண்டும்’ என்கிறார். ஐடா சொல்கிறார், ‘எனக்கு ஒன்றும் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப் போங்கள்.’ வந்தவர் பின்வாங்குகிறார். வேற்று ஆண்பிள்ளை என் மனைவி முகத்தைப் பார்ப்பதா? அதற்கு அவள் போய்ச் சேர்வதே மேல். போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டல். இந்தத் தடவை ஒரு முஸ்லிம். அதே பிரசவம், அதே வேண்டுகோள், அதே பதில். அப்பா பக்கத்திலேயே நின்று சொல்லிப் பார்த்தும் பலனில்லை.

மூன்றாவது தடவை வந்தவரும் உயர்சாதி இந்து. அவர் வீட்டிலும் பிரசவம்தான். அவரும் திரும்பிப் போனார்.

அன்றைக்கு ஐடா தூங்கவில்லை. ஜெபம் செய்தார். அழுதார். விடியற்காலையில் தெருவில் பறையடிக்கும் சத்தம். வேலையாளை அனுப்பி விசாரித்தால், மூன்று வீட்டிலும் மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம்.

அந்த மூன்று புருஷர்களையும் கொடுமைக்காரர்கள் என்று திட்டுவது சுலபம். ஆனால், மனைவி மேல் பிரியம் இல்லாதவன் அர்த்த ராத்திரியில் வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவானா? ஓடி வந்திருக்கிறார்கள். கெஞ்சியிருக்கிறார்கள். டாக்டர் எதிரிலேயே நிற்கிறார். நடுவில் வழக்கம் என்ற ஒன்று கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தது. மூன்று மதத்து, சாதிக் கட்டுப்பாடுகளும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்ன ஒற்றுமை பாருங்கள்!

நம்பிக்கை, இறைவன் துணை பற்றியெல்லாம் எழுதுகிறவர்கள் பொதுவாக இந்த இடத்தை எக்ஸ்பிரஸ் வேகத்தில் தாண்டிவிடுவார்கள். ‘அந்த இரவில் கடவுள் ஐடாவை அழைத்தார்’ என்று அடுத்த ஸ்டேஷனில் போய் நிற்பார்கள். நான் பி.காம். எனக்குப் பற்று எழுதாமல் வரவு எழுத வராது. உதவி கேட்டுத் தட்டிய மூன்று பேருக்கும் அன்றைக்கு உதவி கிடைக்கவில்லை. பின்னால் எத்தனை லட்சம் பேர் பிழைத்தாலும் அந்த மூன்று உயிரை வாராக்கடன் என்று தள்ளுபடி செய்துவிட முடியாது. ஐடாவும் தள்ளுபடி செய்யவில்லை. அதனால்தான் சாகும்வரை அந்த மூன்றையும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலையில் அப்பாவிடமும் அம்மாவிடமும் போய், ‘அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருகிறேன்’ என்றார்.

*

சொல்லிவிடலாம். ராத்திரி எடுத்த சபதம் காலை டிபனோடு ஜீரணமாவதை நாம் பார்க்காததா? ஜனவரி ஒன்றாம் தேதி ஜிம்முக்குப் பணம் கட்டியவர்களைக் கேளுங்கள்.

ஐடா படித்தார். முதலில் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி. கடைசி வருஷம் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி. அங்கே பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததே அப்போதுதான். 1899-ல் டாக்டர் பட்டம்.

அடுத்து பணம். வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் திரட்டச் சொன்னது மிஷன். கப்பல் ஏற நாள் குறித்தாகிவிட்டது. படியேறிப் படியேறிக் கேட்டதில் சில்லறைதான் சேர்ந்தது. கலெக்‌ஷன் வேலை பார்க்கும் வாசகர்களுக்கு இந்த வேதனை புரியும். ஒரு சாயங்காலம், மிஷன் சங்கத்துத் தலைவியான ஒரு அம்மாள் வீட்டில் ஐடா தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் அந்த அம்மாளின் உறவினரான ஷெல் என்ற வயதான பாங்க்காரர் இருந்தார். கதவு சாத்தவில்லை. அவர் காதில் எல்லாம் விழுந்தது.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். விவரம் கேட்டார். செக் எழுதினார். 10,000 டாலர்! காலமான தன் மனைவி மேரி டேபர் ஷெல் பேரை ஆஸ்பத்திரிக்கு வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கேட்டவரிடம் கிடைக்கவில்லை, ஒட்டுக்கேட்டவரிடம் கிடைத்தது. இறைவனின் உதவி எந்த வாசலில் வரும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒன்று கவனியுங்கள். பக்கத்து அறைக்காரர் காதில் விழ வேண்டுமென்றால் இந்த அறையில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஐடா அன்றைக்கு ‘எங்கே கேட்டாலும் இல்லைங்கறாங்க’ என்று அலுத்துப்போய் வீட்டில் படுத்திருந்தால், ஷெல்லும் பேப்பர் படித்துவிட்டுத் தூங்கியிருப்பார்.

*

1900-ம் வருஷப் பிறப்போடு இந்தியா வந்து சேர்ந்தார். வேலூரில் அப்பாவிடம் வேலை கற்றுக்கொள்ளலாம் என்பது திட்டம். அந்த வருஷமே அப்பா காலமானார். கையில் டிகிரி, பக்கத்தில் ஆளில்லை. கட்டடத்துக்குப் பணம் உண்டு, கட்டடம் இல்லை. பங்களா அறையிலேயே வைத்தியத்தை ஆரம்பித்தார். ஒரே ஒரு படுக்கை.

வெள்ளைக்காரப் பெண் டாக்டர் என்றதும் ஊரே திரண்டு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆரம்பத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று அழுதுவிட்டு வந்தால், பெண்ணாவது டாக்டராவது என்று சிரித்தார்கள். எந்த வழக்கத்தைத் தாண்ட இத்தனை வருஷம் படித்தாரோ அது வாசலில் வேறு வேஷத்தில் உட்கார்ந்திருந்தது. மெல்ல மெல்ல ஒருத்தர், இரண்டு பேர்... பிறகு கூட்டம். இரண்டு வருஷத்தில் 5,000 பேருக்கு வைத்தியம். 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. 1909-ல் நர்ஸ்களுக்குப் பள்ளிக்கூடம். அதே சமயத்தில் ஒற்றை சிலிண்டர் பெஜோ கார் ஒன்று வந்தது. குடியாத்தம் ரோட்டில் அது படபடவென்று போனபோது பேய் வருகிறது என்று ஜனங்கள் ஓடினார்களாம். பிற்பாடு அதே பேய்க்காக மரத்தடியில் வரிசையில் உட்கார்ந்தார்கள். அதுதான் ஊர் ஊராகப் போகும் சாலையோர ஆஸ்பத்திரி.

1918-ல் பெண்களுக்கே ஒரு மருத்துவப் பள்ளி. மூன்று பேர் மனு போட்டாலே அதிர்ஷ்டம் என்றார்கள் விஷயம் தெரிந்தவர்கள். (எல்லாக் காலத்திலும் விஷயம் தெரிந்தவர்கள் இதையேதான் சொல்கிறார்கள்.) மனுக்கள் அதைப் போலப் பல மடங்கு வந்தன. அரசாங்கப் பரீட்சையில் அந்த முதல் செட்டில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் பாஸ். அதே பரீட்சையில் ஆண்கள் தேறிய சதவிகிதத்தைச் சொன்னால் நம் கோஷ்டி மானம் போய்விடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

*

போன வருஷம் ஒரு காலை, விழுப்புரத்திலிருந்து காட்பாடி பாசஞ்சரில் திருவண்ணாமலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஓர் ஆயா. தோளில் சாய்ந்தபடி நிறைமாத கர்ப்பிணிப் பேத்தி. திருக்கோவிலூர் தாண்டியதும் பேச்சு ஆரம்பித்தது.

“எங்க ஆயா, வேலூரா?”

“ஆமா தம்பி. இவளுக்கு இதயத்துல ஏதோ ஓட்டையாம். இங்க பயப்படறாங்க. பெரியாஸ்பத்திரில காட்டச் சொன்னாங்க.”

“பயமா இருக்கா?”

“பயமில்லாம? ஆனா அங்க போனா ஒரு வழி பொறக்கும்னு இருக்குது. இவ அம்மாவ அங்கதான் பொழைக்க வெச்சாங்க.”

“அந்த ஆஸ்பத்திரிய யார் ஆரம்பிச்சாங்கன்னு தெரியுமா ஆயா?”

“யாரோ வெள்ளைக்காரம்மாவாம். அது எதுக்கு நமக்கு? யாரா இருந்தாலும் நல்லாருக்கட்டும்.”

ஆயா நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி. பேத்தி கழுத்தில் அங்காளம்மன் கோயில் கயிறு. மலையனூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டு, வேலூர் ஆஸ்பத்திரிக்கு சீட்டு எடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. நான் திருவண்ணாமலையில் இறங்கிக்கொண்டேன். வண்டி போளூர், கண்ணமங்கலம் வழியாக அவர்களைச் சுமந்துகொண்டு போனது.

ஒரு கணக்கு. 2018-20 காலகட்டத்தில் தமிழ்நாட்டில் லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், அதில் இறந்துபோகும் தாய்மார்கள் 54 பேர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் என்ற இடத்திலிருந்து இங்கே வந்திருக்கிறோம். ஐடா ஒருவரே இதைச் செய்யவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகள், கிராமத்து நர்ஸ்கள், முத்துலட்சுமி ரெட்டி மாதிரிப் படிக்கவே போராடிய பெண் டாக்டர்கள் என்று பெரிய பட்டியல். அந்தப் பட்டியலில் அவருக்கும் ஒரு வரி உண்டு. அந்த 54-ம் பூஜ்யமாக வேண்டும் என்பது பாக்கி வேலை.

*

எதிர்ப்பு என்றால் வெளியிலிருந்துதான் வரும் என்று நினைக்கிறோம். ஐடாவுக்குப் பெரிய அடி அறுபத்தைந்து தாண்டிய பிறகு, ரிட்டயர் ஆகிப் பேரன் பேத்தியோடு இருக்க வேண்டிய வயதில் வந்தது.

1930-களின் கடைசியில் சென்னை மாகாண அரசு ஒரு முடிவெடுத்தது. இனி டிப்ளமா படிப்பு கிடையாது, டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். மட்டும்தான். கொள்கை நல்ல கொள்கை. ஆனால் வேலூர்ப் பள்ளி டிப்ளமாதான் கொடுத்துக்கொண்டிருந்தது. கல்லூரியாக உயர்த்த அதிகப் படுக்கைகள், பேராசிரியர்கள், கட்டடங்கள், பணம் எல்லாம் வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு. இருபது வருஷ உழைப்பு ஒரு சர்க்குலரில் தொங்கியது.

ஒரு வழி இருந்தது. பல சபைகளும் சேர்ந்து நடத்தலாம், ஆண் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். உடனே அமெரிக்காவில் இத்தனை வருஷம் பணம் திரட்டிக்கொடுத்த பெண்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணம், அதில் ஆண்களா? எதிர்த்தவர்களில் முக்கியமானவர் லூசி பீபாடி. 1920-களில் ஐடாவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் நிதி திரட்டிய பழைய சிநேகிதி.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே கடவுளிடம் ஜெபம் செய்கிறவர்கள். கடவுள் பாடு திண்டாட்டம்தான்.

1941-ல், எழுபது வயதில், உலக யுத்தத்துக்கு நடுவே ஐடா அமெரிக்கா போனார். மறுபடியும் படியேறினார். 1899-ல் செய்த அதே வேலை, முழங்கால் மட்டும் பழையது. 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947-ல் முதன்முதலாக ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேர் திரும்பிப் போனதால் பிறந்த கல்லூரி, ஆண்களைச் சேர்த்ததால் பிழைத்தது. 1960 மே 24-ல் கொடைக்கானலில் ஐடா காலமானபோது வயது 89.

*

சரி, இதில் தெய்வ உதவி எங்கே வருகிறது?

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“அவர் எங்க சார் நேர்ல வர்றார்? எப்பவும் ஆள்தான் அனுப்புவார். நாமதான் ‘இந்த ஆள் வேண்டாம், வேற ஆளை அனுப்புங்க’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கோம்.”

“அப்ப நம்பிக்கைன்னா என்ன சார்?”

“வர்ற ஆளுக்குக் கதவைத் திறக்கறது. அப்புறம்... அவர் நம்மளையே ஆளா அனுப்பினா, போறது. ரெண்டாவதுதான் சார் கஷ்டம்.”

நன்றாக நடக்கும் என்று உட்கார்ந்திருப்பதை நம்பிக்கை என்று இத்தனை நாள் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பரீட்சைக்குப் படிக்காமல் ரிசல்ட்டுக்கு வேண்டிக்கொள்கிற டைப். ஐடாவின் நம்பிக்கை அந்த ரகமில்லை. ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கிடைத்தது முழு உதவியும் இல்லை. அடுத்த படி ஏறுவதற்கு மட்டும் போதுமான உதவி. ஒரு செக். ஒரு படுக்கை. எதிர்பார்த்ததைவிட நாலு மனு அதிகம். மீதியை அவரே நடந்து தீர்க்க வேண்டியிருந்தது.

டி.என்.பி.எஸ்.சி. மூன்றாம் தடவை எழுதிக்கொண்டிருக்கும் தம்பிகளும், மேனேஜர் லீவு தராமல் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியாமல் தவிக்கும் நண்பர்களும் இதைப் படிக்கலாம். உங்கள் கஷ்டத்துக்கு என்னிடம் மாத்திரை இல்லை. ஒன்றே ஒன்று சொல்ல முடியும்: பக்கத்து அறையில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அதனால் பேச்சை நிறுத்தாதீர்கள். ராத்திரி பத்தரை மணிக்கு, ‘பிளட் வேணும், பி நெகட்டிவ், ஜிப்மர்ல இருக்காங்க’ என்று தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் உடனே கட் பண்ணாதீர்கள்.

திண்டிவனத்துக் கதையில் அந்த மூன்று பெண்களுக்கும் பெயர் இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டடங்களுக்குப் பெயர் உண்டு, வார்டுகளுக்குப் பெயர் உண்டு, பணம் கொடுத்தவரின் மனைவிக்குப் பெயர் உண்டு. மூலதனம் போட்டவர்கள் அந்த மூன்று பேர்தான். எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் அது வராது.

அடுத்த வாரம் கொஞ்சம் சிரிக்கலாம்.